வியாழக்கிழமைச் சாவு

அன்புக்கரசியின் மகன் வியாழக்கிழமைதோறும் மத்தியானத்தில் செத்துப்போவான்.

வார்டுச் சாப்பாடு முடிந்து, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள் மாடியேறுவாள். ராயபுரத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில்தான் நர்சிங் பள்ளிக்கூடம். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள் வந்து வெள்ளைப் படுக்கையில் படியும் என்று எப்போதும் மூடியே வைத்திருப்பார்கள். உள்ளே டெட்டால் நெடியும் புழுக்கமும். அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைப்பார்கள். சீருடை போட்ட பெண்பிள்ளை ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வந்து, எச்சிலை விழுங்கி, "அம்மா, உங்க பையன் வல்லரசு..." என்று ஆரம்பிப்பாள். அன்றைக்கு எத்தனை பேருக்குப் பாடமோ அத்தனை தடவை அவன் சாவான்.

துக்கச் செய்தி சொல்வது என்பது பாடத்தின் பெயர். ஊசி போடவும், நெஞ்சை அமுக்கி மூச்சு வரவைக்கவும் பழகுவதற்கு ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. பிள்ளைகள் அதற்குத் தாமோதரன் என்று பேர் வைத்து, தாமு தாமு என்று கொஞ்சிக்கொண்டே குத்துவார்கள். தாமுவிடம் பேசத்தான் பழக முடியாது. அதற்கு ரத்தமும் சதையுமாய் ஒரு ஆள் வேண்டும். ஆசிரியை செல்லக்கனி மேடம் வெளியாட்களைத் தேடிச் சலித்துப்போய், கடைசியில் வார்டில் பெட்பேன் கழுவிக்கொண்டிருந்த ஆயா அன்புக்கரசியைக் கூப்பிட்டார். முதலில் அவள் வயிற்றுவலிக்காரியாக நடித்தாள். பிறகு மாத்திரையை ஒழுங்காக விழுங்காத சர்க்கரைக்காரியாக நடித்தாள். அதெல்லாம் சிரிப்பும் விளையாட்டுமாகப் போனது. வார்டில் அதட்டு வாங்கிப் பழகியவளுக்கு, நாலு பிள்ளைகள் சுற்றி நின்று "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்பது பிடித்தும் இருந்தது.

அம்மா வேஷம் வந்தபோதுதான் தப்பு நடந்தது. தாமுவைக் கட்டிலில் படுக்க வைத்து முகம் மூடப் போர்த்திவிட்டு, செல்லக்கனி மேடம் கேட்டார். "அன்புக்கரசி, இது உங்க மகன். லாரியில அடிபட்டு இறந்துட்டான். பேரு என்னன்னு வச்சுக்கலாம்?"

ஒரு நொடி யோசித்திருந்தால் ஊரில் இல்லாத பேர் எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் பேரைத் தப்பாகச் சொல்ல அவளுக்கு நாக்கு வராது. முன்பு வேலை பார்த்த இடத்தில், கையில் கட்டும் அடையாளச் சீட்டில் பேர் மாறி ஒரு வீட்டுப் பிணம் இன்னொரு வீட்டுக்குப் போய், கொள்ளி வைக்கிற நேரத்தில் அடிதடியானதைப் பார்த்தவள் அவள். அன்றிலிருந்து படுக்கைக்குப் படுக்கை பேரைக் கேட்டு, திரும்பக் கேட்டு, வாயில் உருப்போட்டு வைப்பாள். அந்தப் பழக்கம் காலை வாரிவிட்டது. "வல்லரசு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன். அன்றைக்கு முதல் பிள்ளை வந்து அந்தப் பேரைச் சொன்னதும், பெஞ்சிலிருந்து நழுவித் தரையில் விழுந்து அழுதாள். பிள்ளைகளும் அழுதார்கள். "அப்படியே இருந்துச்சு அன்புக்கரசி" என்று மேடம் தண்ணீர் கொடுத்தார்.

அடுத்த வாரமே கெஞ்சினாள். "வேற பேரு வெச்சிக்கலாம் மேடம். மன்சு கேக்கல."

மேடமும் தங்கமான மனுஷிதான். சரியென்று வேறு பேர் போட்டுப் பார்த்தார். அன்புக்கரசிக்கு அழுகை வரவில்லை. ரேஷன் வரிசையில் நிற்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "இது சும்மா நடிப்புதானம்மா, பேருல என்ன இருக்கு? வருஷக் கடைசியில வெளியிலேர்ந்து தேர்வாளர் வராங்க, பிள்ளைங்க மார்க்கு இதுல இருக்கு" என்று மேடம் நயமாகச் சொல்ல, பழைய பேரே திரும்பி வந்தது. மேடம் பேச்சைத் தட்ட ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற ஆயாவால் முடியுமா?

ஆனால் பயம் போகவில்லை. பாடம் முடிந்ததும் கீழே இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் மூன்று தரம் துப்பிவிட்டு, பெட்டிக்கடை மஞ்சள் போனில் காசு போட்டு, திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டுக்குப் பேசுவாள். செல்போன் எல்லாம் அப்போது பெரிய மனிதர்கள் கையில் மட்டும்தான். யாரோ போய் வல்லரசைக் கூட்டி வருவார்கள்.

"இன்னாம்மா, இன்னா மேட்டரு?"

"ஒண்ணுமில்லடா. துன்னியா?"

"துன்ட்டேன். இத்தக் கேக்கவா வாரா வாரம் போன் பண்ற? மேஸ்திரி மொறைக்கிறாரு."

"வண்டிய மெதுவா ஓட்டுடா கண்ணு."

குரலைக் கேட்ட பிறகுதான் வார்டுக்குத் திரும்புவாள்.

மாதங்கள் போகப் போக இன்னொன்று நடந்தது. அழுகை அவளுக்குப் பழகிவிட்டது. கன்னத்தின் உட்சதையைக் கடித்தால் கண்ணில் நீர் கோக்கும். நெஞ்சில் இரண்டு அடி, "அய்யோ ராசா" என்று ஒரு இழுப்பு, பிறகு தேம்பல். அழுதுகொண்டிருக்கும்போதே யார் நன்றாகச் சொல்கிறாள், யார் மென்று முழுங்குகிறாள் என்று மனசு கணக்குப் போடும். இருப்பதிலேயே மோசம் வண்ணாரப்பேட்டை ரூஹி. நின்றுகொண்டே சொல்வாள், சொல்லிவிட்டு ஓடிவிடப் பார்ப்பாள். "பக்கத்துல குந்து கண்ணு. கையப் புடி. அப்பால சொல்லு" என்று அன்புக்கரசியே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கண்ணீர் இப்படிக் குழாய்த் தண்ணீராய் ஆகிவிட்டதே தவிர, வாசலில் துப்புவதும் போன் போடுவதும் ஒரு வாரமும் நிற்கவில்லை.

வீட்டில் இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. வியாசர்பாடி குடியிருப்பில் ஒற்றை அறையும் சமையல் மூலையுமாக வீடு. புருஷன் சின்னப்பையன் ஒரு வார்ப்படப் பட்டறையில் அச்சுக்கு மணல் இடிக்கிறவன். சுவரில் புத்தர் படம் மாட்டி, சடங்கு சாங்கியம் எதுவும் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்பவன். அவனுடைய அக்கா பட்டம்மாள் புழலிலிருந்து வந்தால், படத்துக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு எல்லாச் சாங்கியத்தையும் பேசுவாள். அந்த ஐப்பசியிலும் வந்திருந்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் மழை விடாமல் பெய்தது. மணலிப் பக்கத்துக் கேஸ் நாற்றம் மழையோடு சேர்ந்து வீட்டுக்குள் இறங்கியிருந்தது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு அன்புக்கரசி எல்லோருக்கும் போட்டாள். வல்லரசு வாயில் சோற்றோடு யார்டுக் கதை சொன்னான்.

"ரோட்ல தண்ணி நின்னுகினு கீது நைனா. பள்ளம் எது மேடு எதுன்னே தெரில. எண்ணூர் ரோட்ல கண்டெய்னர்காரன் லைட்டே போடாம வர்றான். நேத்து என் ஹேண்டில் பார உரசிகினு போனான்."

"அத்தக் கேட்டா எனுக்கு சோறு எறங்கல. பஸ்ல போடா" என்றாள் அன்புக்கரசி.

"பஸ்ல போனா பொழுது வுடிஞ்சிரும்."

பட்டம்மாள் முள்ளை உமிழ்ந்துவிட்டு, தம்பியைக் காட்டி வல்லரசிடம் சொன்னாள். "உங்கொப்பனுக்கும் இப்டித்தான் கண்டம் வந்துச்சி. காக்கா தலயில தட்டிச்சே, நெனப்பு கீதா? நான் அயுத அயுகையிலதான் இவன் இன்னிக்கி நடமாடிகினு கீறான்."

"ஆரம்பிச்சிட்டியா" என்றான் சின்னப்பையன். "காக்கா குந்த எடமில்லாம என் மண்டையில குந்திச்சி. அதுக்குப் போயி நான் செத்துட்டேன்னு புழலுக்கு ஆளு வுட்டாளுங்க. இது பஸ்ஸு பூரா மாரடிச்சிகினு வந்து பாத்தா, நான் டீ குடிச்சிகினு குந்திகினு கீறேன்."

"வுட்டியே ஒரு அறை, அத்த" என்று வல்லரசு சிரித்தான்.

"அறஞ்சேன். ஏன் அறைய மாட்டேன்? ஆனா அயுதது நெசமாச்சே. ரத்த சொந்தம் அயுவணும். நெசம்னு நம்பி அயுவணும். கண்ணுத் தண்ணி தரையில வுயணும். அப்பத்தான் வந்த சாவு, இங்க காரியம் முடிஞ்சிச்சின்னு திரும்பிப் போவும். தெரிஞ்சிகினு அயுதா செல்லாது."

அன்புக்கரசி கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் அண்ணி, காக்காயே தட்டல. ஒருத்தன் சும்மா நல்லா கீறான். அவனப் போயி செத்துட்டான்னு சொன்னா?"

"சும்மா இருக்கிறவனயா?" பட்டம்மாள் முகத்தைச் சுளித்தாள். "அத்த எவளாவது சொல்வாளா? அது எமனக் கூப்ட்டு வெலாசம் குடுக்குற மாதிரி."

சின்னப்பையன் அக்காவைத் திட்டினான். வல்லரசு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். அன்புக்கரசிக்கு அதன் பிறகு அங்கே பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. எத்தனை வியாழக்கிழமைகள் விலாசம் கொடுத்திருக்கிறாள் என்று விரல் மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். நாளைத் தேர்வோடு இது ஒழியட்டும், இனிமேல் வேலையே போனாலும் மாடி ஏறுவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டினாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மகன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் வேலைக்குக் கிளம்பினாள். அவனுக்கு அன்று உச்சிவேளையில்தான் யார்டு. கிளம்புமுன் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தேர்வாளர் அம்மா கண்ணாடி போட்ட, மெலிந்த உருவம். மாடியில் பொம்மையையும் பெஞ்சையும் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுல இப்பவே கண்ணுல ஒரு பெட்டியை மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் நோயாளியைப் பார்த்துப் பழகுறாங்க. நம்ம ஊருக்கும் ஒரு நாள் வந்துரும்" என்று செல்லக்கனி மேடத்திடம் சொன்னார். அந்தப் பெட்டி இன்றைக்கே வந்துவிடக் கூடாதா என்று அன்புக்கரசிக்கு இருந்தது.

தேர்வு நடந்தது. ஒவ்வொருத்தியாக வந்தார்கள். மேடம் வழக்கம்போல வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வல்லரசு செத்தான், செத்தான், திரும்பவும் செத்தான். அன்புக்கரசி கன்னத்தைக் கடித்துக் கடித்து வாய்க்குள் ரத்தம் கரித்தது. நடுவில் தேர்வாளர் டீ குடிக்கப் போனார். மேடத்தை யாரோ வந்து ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அவள் பெஞ்சிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவு திறந்தது. ரூஹி வந்தாள். பின்னால் மேடம் வாசற்படியில் வந்து நின்றார்.

ரூஹி இந்தத் தடவை நிற்கவில்லை. நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்தாள். "ஆயாம்மா" என்றாள். "உங்க வீட்லேர்ந்து போன் வந்துச்சு. உங்க பையன் வல்லரசு... எண்ணூர் ரோட்டுல லாரி மோதிருச்சு ஆயாம்மா. போயிட்டாரு."

பரவாயில்லையே, நன்றாகச் சொல்கிறாளே என்று அன்புக்கரசி நினைத்தாள். 'அம்மா' என்று சொல்லாமல் 'ஆயாம்மா' என்றது மட்டும் தப்பு, அதற்கு மார்க்குக் குறைத்துவிடப் போகிறார்களே என்று கவலைப்பட்டாள். இந்தப் பெண் பாஸாக வேண்டும் என்பதற்காகவே வழக்கத்தைவிட உரக்க நெஞ்சிலடித்துக்கொண்டாள். "அய்யோ ராசா" என்று இழுத்தாள். கண்ணீர் சொன்ன இடத்தில் வந்து சொன்ன இடத்தில் விழுந்தது. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, ரூஹியின் முதுகைத் தட்டினாள்.

"நல்லா சொன்ன கண்ணு. இத்தினி நாளு எங்க வெச்சிருந்த இத்த?"

ரூஹியின் முகம் கோணியது. அவள் கண்களிலிருந்து நீர் கொட்டியது. "ஆயாம்மா, இது பரீட்சை இல்ல. நிஜமாவே போன் வந்துச்சு. மேடமால சொல்ல முடியல. என்னைச் சொல்லச் சொன்னாங்க."

அன்புக்கரசி வாசற்படியைப் பார்த்தாள். மேடத்தின் கையில் மார்க்குத் தாள் இல்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். வருஷம் முழுக்க எப்படிச் சொல்வது என்று பாடம் எடுத்த மனுஷி.

எழுந்தாள். எப்படிப் படியிறங்கினாள் என்று தெரியாது. பெட்டிக்கடையில் போனை எடுத்து, காசுக்குத் துழாவினாள். ரூஹிதான் போட்டாள்.

"வல்லரசா? இன்னிக்கு டூட்டிக்கே வரலயே" என்றது யார்டுக் குரல்.

ஆட்டோவில் ரூஹியும் கூடவே ஏறிக்கொண்டாள். பழைய வண்ணாரப்பேட்டையில் வண்டி ஊர்ந்தது. ரூஹி விக்கி விக்கி அழுதாள், அவள் கண்ணீர் அன்புக்கரசியின் கையில் விழுந்தது. அன்புக்கரசிக்கு ஒரு சொட்டு வரவில்லை. நெஞ்சுக்குள் மணலை இடித்து இறுக்கியது மாதிரி இருந்தது. கன்னத்தைக் கடித்துப் பார்த்தாள், வாய்தான் எரிந்தது. பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கிறான், எனக்கு அழ வரவில்லை, நான் என்ன ஜென்மம் என்று நினைத்தாள். நான்தான் கொன்றேன் என்றும் நினைத்தாள். பெயரையும் கொடுத்து, லாரியையும் கொடுத்து, எமனுக்கு விலாசத்தையும் கொடுத்தவள் நான்தானே.

மூலக்கொத்தளம் சுடுகாட்டுச் சுவர் வந்தது. உள்ளேயிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் வார்டு அனுபவத்தில் ஒன்று தோன்றியது. லாரி கேஸ் என்றால் பெரியாஸ்பத்திரியில் அறுத்துப் பார்க்காமல் உடம்பை விடமாட்டார்களே.

"போன்ல இன்னா சொன்னாங்க? எங்க வரச் சொன்னாங்க?"

"வீட்டுக்குத்தான் ஆயாம்மா. யாரோ ஒரு அம்மா பேசினாங்களாம். ஒரே அழுகையாம்."

லாரியில் அடிபட்ட உடம்பு இதற்குள் வீட்டுக்கு எப்படி வரும்? அந்த மெல்லிய நூலைப் பிடித்துக்கொள்ளவும் பயமாக இருந்தது. சப்வேயில் முட்டளவு தண்ணீர். ஆட்டோக்காரர் அதற்கு மேல் போகமாட்டேன் என்றார். இறங்கி, கறுப்புத் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். குடியிருப்பு வாசலில் பந்தல் இல்லை, பறைச் சத்தமும் இல்லை. தெருக்குழாயில் பெண்கள் குடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சிலர் சிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் வல்லரசு சம்மணமிட்டு உட்கார்ந்து, நேற்றைய கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தான்.

அன்புக்கரசி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டம்மாள் பாய்ந்து வந்து அவள் தோளை உலுக்கினாள். "ஒண்ணுமில்லமே, ஒண்ணுமில்ல. பயப்படாத. கார்த்தால கொயாயண்ட பல்லு வௌக்கிகினு இருந்தான். காக்கா வந்து நச்சின்னு உச்சந்தலையில தட்டிச்சி. என் ரெண்டு கண்ணால பாத்தேன். இந்த மய, இந்த ரோடு, இவன் வண்டி ஓட்ற லட்சணம். வுடுவனா? பெத்தவ அயுதா ஜென்மத்துக்கும் சாவு அண்டாது. அதான் நானே பூத்துக்குப் போயி போன் போட்டேன். நீ அயுவுறவரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாதுன்னு இவன குந்த வெச்சிட்டேன்."

"நைனாவுக்குத் தெரிஞ்சா டின்னு கட்டும்" என்றான் வல்லரசு. "நான் வேணாம்னுதான் சொன்னேன்மா. பாவம், மெர்சலாயிட்டியா?"

பட்டம்மாள் அவள் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். "சொல்லு. சேதி கேட்டதும் அயுதியா? கண்ணுத் தண்ணி கீய வுயுந்துச்சா?"

விழுந்தது. பரீட்சை என்று நம்பி அழுத கண்ணீர் அது. நிஜமென்று நம்பிய பிறகு ஒரு சொட்டும் விழவில்லை. இப்போது பொய்யென்று தெரிந்துவிட்டது, இனி அழுது என்ன. வாராவாரம் பழகிப் பழகி, பிள்ளையின் உயிருக்கென்று இருந்த கண்ணீரை ரப்பர் பொம்மைக்குச் செலவழித்துத் தீர்த்துவிட்டாள். வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற ரூஹி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நெசமாய் நம்பி அழுதது அந்தப் பெண் ஒருத்திதான். வேற்று வீட்டுப் பிள்ளையின் கண்ணீர் செல்லுமா என்று பட்டம்மாளிடம் கேட்க அன்புக்கரசிக்குத் துணிச்சல் வரவில்லை. செல்லாது என்று சொல்லிவிட்டால்?

"சொல்லுமே. அயுதியா இல்லியா?"

மகனைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். உருட்டிய கவளம் கையிலேயே நின்றது. நைனா மாதிரி எதையும் நம்பாதவன்தான். ஆனாலும் அவன் கண்கள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அவனுக்கும் பயம்.

"அயுதேன்டா" என்றாள். "தரையில பொரண்டு அயுதேன்."

கவளம் வாய்க்குள் போனது. பட்டம்மாள் கையிரண்டையும் தலைக்கு மேல் கூப்பினாள். "முடிஞ்சிச்சி. இனி நூறு வயசு" என்று சொல்லிவிட்டு ரூஹியை உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். வல்லரசு சாப்பிட்டுக் கை கழுவினான், சட்டையை மாட்டினான். அரை நாளாவது கணக்காகட்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "பஸ்ல போடா" என்று அன்புக்கரசி தெருமுனை வரை ஓடினாள். கை அசைத்துவிட்டுப் போய்விட்டான். சாவு கழிந்துவிட்டது என்ற தைரியத்தில் முன்னைவிட வேகமாகவே போனான்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ரோட்டில் லாரி ஹாரன் கேட்டால் கையிலிருந்தது நழுவியது. வார்டில் ஸ்ட்ரெச்சர் வரும்போதெல்லாம் ஓடிப்போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

வியாழக்கிழமை செல்லக்கனி மேடமே வார்டுக்கு இறங்கி வந்தார். பாத்திரம் கழுவுகிற இடத்தில், அவளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அன்புக்கரசி, என்னை மன்னிச்சிருங்க. அன்னிக்கே நீங்க கெஞ்சினீங்க, நான்தான் கேக்கல. இனிமே உங்க மகன் பேரு வேண்டாம். நீங்க மேலே வரவும் வேண்டாம், வேற யாரையாவது பார்த்துக்கறேன். உங்க வேலைக்கு ஒரு குறையும் வராது, நான் பேசிட்டேன்."

அன்புக்கரசி குழாயை மூடினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல மேடம், நானே வரேன். பேரும் அதே பேரே இருக்கட்டும்."

"வேண்டாம்மா. பயமா இருக்குன்னீங்களே."

"பயந்தான் மேடம். அதுக்குத்தான் கேக்குறேன்."

மேடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. மாடியில் தாமுவைப் போர்த்திப் படுக்க வைத்தார்கள். அன்புக்கரசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கன்னத்தைக் கடிக்கவில்லை. அந்த வருஷம் புதிதாய்ச் சேர்ந்த ஒரு பெண், இன்னும் மடிப்புக் கலையாத சீருடையில், கதவைத் திறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்க பையன் வல்லரசு..." என்று ஆரம்பித்தாள்.

அன்புக்கரசி அவள் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இரு கண்ணு. மொதல்லேந்து சொல்லு. நான் நம்புற மாதிரி சொல்லு."